ரயிலைக் காட்டியவர்கள், வீட்டைக் காட்டியவர்கள்

இந்தியப் பிரிவினையைப் பற்றிய படம் என்றால் அதில் ஒரு ரயில் வந்தே தீரும். நடைமேடையில் சனம் காத்துக்கிடக்கும். வண்டி வந்து நிற்கும், யாரும் இறங்க மாட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பிணங்கள். 1998ல் பமீலா ரூக்ஸ் எடுத்த 'ட்ரெயின் டு பாகிஸ்தான்', அதே ஆண்டு தீபா மேத்தா எடுத்த '1947 எர்த்', 2001ல் வசூலை அள்ளிய 'கதர்' என மூன்று வெவ்வேறு ரகப் படங்களிலும் அந்த ரயில் உண்டு.

இது கற்பனை கிடையாது. 1947 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பஞ்சாபின் இரண்டு பக்கமும் அப்படி வண்டிகள் வந்தன. என் சிக்கல் வேறு. அந்த ரயில் செத்தவர்களைக் காட்டுகிறது, கொன்றவர்களைக் காட்டுவதில்லை. கொலை நாம் பார்க்காத ஏதோ ஓர் இடத்தில், முகமில்லாத ஒரு கும்பலால் நடந்து முடிந்திருக்கும். 'அப்போது எல்லாருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது' என்று சொல்லிவிட்டுக் கடந்து போக வசதியான காட்சி அது. பிரிவினைப் படங்களை எடைபோட நான் ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன்: இதைச் செய்தது யார் என்று படம் சொல்கிறதா?

பைத்தியம் என்ற விளக்கம் வரலாற்றுக்கும் ஒத்துவராது. 1947 ஜூன் 3ஆம் தேதி பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குமுன் இந்தியாவுக்கே வந்திராத சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞர் ஜூலை 8ஆம் தேதி வந்து இறங்கினார். இரண்டு நாடுகளுக்கும் நடுவே அவர் போட்ட எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது சனங்களுக்குத் தெரிந்தது ஆகஸ்ட் 17ஆம் தேதி, அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து. கலவரத்தை அடக்க அமைக்கப்பட்ட பஞ்சாப் எல்லைப் படையை ஒரே மாதத்தில் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பிய சிப்பாய்கள் கிராமம் கிராமமாக இருந்தார்கள். ரயில்களை மறித்துத் தாக்கிய கும்பல்கள் பலவற்றில் அவர்களின் பயிற்சி வேலை செய்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். செத்தவர்கள் 2 லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் என்பவர்களும் உண்டு, பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 10 லட்சம். இதில் பெரும்பகுதிக்குத் திட்டம் இருந்தது, ஆயுதம் இருந்தது, லாபமும் இருந்தது.

முதல் இருபது ஆண்டுகள் இந்திப் படவுலகம் இந்தப் பக்கமே அதிகம் வரவில்லை. இத்தனைக்கும் பம்பாய் ஸ்டூடியோக்களில் பலர் லாகூரிலிருந்தும் பெஷாவரிலிருந்தும் வந்தவர்கள். 1961ல் யஷ் சோப்ரா 'தர்மபுத்ரா' எடுத்தார். முஸ்லிம் பெண்ணுக்குப் பிறந்து, இந்துக் குடும்பத்தில் வளர்ந்து, முஸ்லிம்களை வெறுக்கும் ஒருவனின் கதை. படம் ஓடவில்லை. அதன்பிறகு அவர் பெரும்பாலும் காதல், குடும்பம் என்று பாதையை மாற்றிக்கொண்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் 1959ல் 'கர்தார் சிங்' என்ற பஞ்சாபிப் படம் வந்தது. கொலைகாரன் ஒரு சீக்கியன். ஆனால் அதே படத்தில், சீக்கியக் குடும்பத்தில் பிறந்து டெல்லிக்கு அகதியாக வந்த அம்ரிதா ப்ரீதம் பிரிவினையைப் பற்றி எழுதிய கவிதை பாடலாக ஒலித்தது. அந்தக் காலத்துப் படங்களுக்கே உரிய விநோதம் இது.

யார் செய்தது என்ற கேள்வியை முதன்முதலில் நாடு முழுக்கக் கேட்க வைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்', 1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் வந்தது. மூலக்கதை பீஷ்ம சாஹ்னி எழுதிய நாவல். அவர் ராவல்பிண்டிக்காரர், அங்கே 1947 மார்ச்சில் நடந்த கலவரத்தை நேரில் கண்டவர். ஆனால் உடனே எழுதவில்லை. 1970ல் பம்பாய்க்கு அருகே பிவாண்டியில் கலவரம் நடந்தபின் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தார். எரிந்த தெருக்கள் பிண்டியை நினைவூட்ட, அதற்குப் பிறகுதான் நாவல் வந்தது. பிரிவினைக் கதைகள் பலவும் இப்படித்தான், பக்கத்தில் நடந்த ஏதோ ஒன்று பழைய கதவைத் திறந்துவிட்டிருக்கும்.

'தமஸ்' தொடங்குவது ஒரு பன்றியைக் கொல்வதில். நத்து என்ற தோல் தொழிலாளியிடம், கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று சொல்லி, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் ஒரு பன்றியைக் கொன்று தரச் சொல்கிறார், கையில் காசையும் திணிக்கிறார். காலையில் அந்தப் பன்றி மசூதிப் படியில் கிடக்கிறது. நத்துவாக நடித்த ஓம் புரி ஓர் இரவு முழுக்க அந்த மிருகத்தோடு மல்லுக்கட்டும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, கலவரம் தானாகப் பற்றிக்கொள்ளவில்லை, பற்றவைக்கப்பட்டது. பழியின் பாரமோ சூழ்ச்சி செய்தவன்மேல் இறங்காமல், சாதி அடுக்கில் கடைசியில் இருக்கும் ஒருவன் தலையில் இறங்குகிறது. இந்தப் பகுதி அபாரம். ஒரே ஒரு குறை சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரு சதிகாரன் செய்ததாகக் காட்டும்போது, அவன் விரித்த வலையில் ஊரே ஏன் இத்தனை ஆர்வமாகப் போய் விழுந்தது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் முதலில் தடை போட்டது. பிறகு நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் தொடரைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தடையை விலக்கினார்கள். உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

சதிகாரனை விட்டு அடுத்த வீட்டுக்கு வந்தவை '1947 எர்த்' படமும் நம்ம ஊர் 'ஹே ராம்' படமும். தீபா மேத்தாவின் படத்தில் லாகூர் பூங்காவில் ஓர் ஆயாவைச் சுற்றி நண்பர் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும், எல்லா மதமும் உண்டு. அதில் ஐஸ் விற்பவனாக ஆமிர்கான், வேடிக்கையாகப் பேசும் ஆள். குர்தாஸ்பூரிலிருந்து வரும் ரயிலில் தன் தங்கைகளின் உடல்களைப் பார்த்தபின் அவன் மாறுகிறான். கடைசியில் ஆயாவைக் காட்டிக்கொடுப்பவன் அவன்தான். அவளிருக்கும் இடத்தை அவனிடம் சொல்லிவிடுவது, அவன்மேல் பாசம் வைத்திருந்த ஒரு சிறுமி. காட்டிக்கொடுத்ததில் மத வெறி எவ்வளவு, அவள் வேறொருவனைக் காதலித்ததில் வந்த பொறாமை எவ்வளவு என்று படம் பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துச் சொல்லாததால்தான் நம்ப முடிகிறது.

2000ல் வந்த 'ஹே ராம்' கல்கத்தாவில், 1946 ஆகஸ்ட் 16, முஸ்லிம் லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாளில் தொடங்கும் வெறியாட்டத்தைக் காட்டுகிறது. கதாநாயகன் சாகேத் ராமின் மனைவியைச் சீரழித்துக் கொல்பவர்களில் அல்தாஃப் என்ற தையல்காரனும் ஒருவன். அவளுக்குப் பழக்கமானவன், வீட்டுக்கு வந்துபோகிறவன். அந்த விவரத்தைக் கமல்ஹாசன் சும்மா வைக்கவில்லை. பிறகு ராம் துப்பாக்கியோடு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களைச் சுடுகிறான். அப்போது பார்வையாளர் அவன் பக்கம்தான் இருப்பார். ஒரு சின்னப் பெண்குழந்தை, தன்னைச் சேர்ந்தவர்களின் பிணத்தருகே நிற்பதை அவன் பார்க்கும் இடத்தில் படம் நம்மையும் மாட்டிவிடுகிறது. அதுவரை கதாநாயகனாக இருந்தவன் இன்னொரு வீட்டுக்கு யார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. படத்தின் நிகழ்காலம் 1999 டிசம்பர் 6, பாபர் மசூதி இடிப்பின் ஆண்டு நாள், இடம் சென்னை. இதுவும் தற்செயல் அல்ல. தமிழ்நாட்டுக்குப் பிரிவினை நேரடி அனுபவம் இல்லை என்பதால், ஒரு தமிழ் ஐயங்காரை மொகஞ்சதாரோவுக்கும் கல்கத்தாவுக்கும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. படம் அப்போது தியேட்டரில் நிற்கவில்லை. இன்றைக்கு அதைப் பேசாத சினிமா ரசிகர் குறைவு.

வில்லன், அண்டை வீட்டான் என்ற இரண்டு பதில்களையும்விடச் சங்கடமான பதில் ஒன்று உண்டு. அதற்கு ஒரு கிணற்றடிக்குப் போக வேண்டும்.

1947 மார்ச், ராவல்பிண்டி மாவட்டம், தோவா கால்சா கிராமம். சீக்கியக் குடும்பங்கள் முற்றுகையில் சிக்கியிருந்தன. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று சுமார் 90 பெண்கள் ஒரு கிணற்றில் குதித்தார்கள். இதேபோல வேறு கிராமங்களில் அப்பாக்களும் அண்ணன்களும் தங்கள் வீட்டுப் பெண்களைத் தாங்களே வெட்டிக் கொன்றார்கள். பல பத்தாண்டுகளுக்கு இது தியாகம் என்றே சொல்லப்பட்டது. 'தமஸ்' தொடரில் பெண்கள் வரிசையாகக் கிணற்றுக்கு நடந்து போகும் காட்சி ஒரு வழிபாட்டைப் போலவே எடுக்கப்பட்டிருக்கும். அழகாக இருக்கிறது, அங்கேதான் பிரச்சினை.

2003ல் பாகிஸ்தான் இயக்குநர் சபிஹா சுமர் 'காமோஷ் பானி' எடுத்தார். அவருடைய கேள்வி எளிமையானது: குதிக்க மறுத்து ஓடிய ஒரு பெண் இருந்திருந்தால்? கதை நடப்பது 1979ல், ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியில், சர்கி என்ற பஞ்சாப் கிராமத்தில். ஆயிஷா விதவை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லித் தருகிறாள். ஆனால் அவள் கிணற்றுப் பக்கம் மட்டும் போவதில்லை, தண்ணீரை வேறு யாராவது எடுத்து வந்து கொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து சீக்கிய யாத்ரீகர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் தன் தங்கையைத் தேடுகிறார். அவள்தான் வீரோ, இன்றைய ஆயிஷா. அப்பா குதிக்கச் சொன்ன அன்று ஓடிப்போனவள். பிறகு ஒரு முஸ்லிமை மணந்து மதம் மாறி வாழ்ந்தவள். மத இயக்கத்தில் சேர்ந்துவிட்ட அவள் மகன் சலீம், அம்மா ஒரு காலத்தில் சீக்கியப் பெண் என்று தெரிந்ததும், ஊரறிய அவள் தன்னை முஸ்லிம் என்று அறிவிக்க வேண்டும் என்கிறான். 32 ஆண்டுக்கு முன் தப்பித்த கிணற்றிலேயே அவள் குதிக்கிறாள்.

1947ல் அப்பா, 1979ல் மகன். நடுவில் எதிரி மதத்துக்காரன் யாருமே தேவைப்படவில்லை. இந்தப் படத்துக்கு சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவின் தங்கச் சிறுத்தை விருது கிடைத்தது, ஆயிஷாவாக நடித்த கிரண் கேருக்கு அங்கேயே சிறந்த நடிகை விருது.

பெண்கள் விஷயத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. கடத்தப்பட்ட பெண்களை மீட்க இந்தியா 1949ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 16 வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளையும், எந்த வயதுப் பெண்ணும், 1947 மார்ச் 1க்குப் பிறகு மாற்று மதக் குடும்பத்தில் இருந்தால் கடத்தப்பட்டவர் என்று கருதப்படுவார். போக மாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னால்? அதற்குச் சட்டத்தில் இடமில்லை. மீட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தவளைப் புருஷன் ஏற்க மறுப்பது 1960ல் ராஜ் கபூரும் நூதனும் நடித்த 'சலியா'வில் வருகிறது. படம் முடிவில் எல்லாம் சுபம்தான், ஆனாலும் அந்த மறுப்பைக் காட்டவே அன்று துணிச்சல் வேண்டியிருந்தது.

பூட்டா சிங் கதையை இங்கே சொல்ல வேண்டும். கலவரத்தில் தப்பிய ஜைனப் என்ற முஸ்லிம் பெண்ணைக் காப்பாற்றி மணந்துகொண்ட சீக்கியர் அவர், முன்னாள் சிப்பாய். சட்டப்படி ஜைனபைத் தேடிப்பிடித்துப் பாகிஸ்தானுக்கு அனுப்பினார்கள். பூட்டா சிங் மதம் மாறி, எல்லை தாண்டி அவளைத் தேடிப் போனார். சொந்தக்காரர்களின் நெருக்குதலில் அவள் வர மறுத்துவிட்டாள். 1957ல் அவர் ரயில் முன் பாய்ந்து இறந்தார். இந்தக் கதையை அப்படியே 1999ல் குர்தாஸ் மான் நடிக்கப் பஞ்சாபியில் எடுத்தார்கள். இதன் சாயலில் வந்ததுதான் 'கதர்'. அதில் கதாநாயகன் பாகிஸ்தானுக்குப் போய் அடிபம்பைப் பிடுங்கி ஒரு கூட்டத்தையே துவைத்து, மனைவியை மீட்டு வருகிறான். அவளைத் தடுத்து வைப்பது அவளுடைய அப்பா, லாகூர் மேயர். அசல் கதையில் அந்த ஜோடியைப் பிரித்ததில் இரண்டு அரசாங்கங்களும் கூட்டு. படம் இந்திய அரசின் பெயரைக் கதையிலிருந்து நைசாக எடுத்துவிட்டது. கார்கில் போர் முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்த நேரம், தியேட்டரில் விசில் பறந்ததில் வியப்பில்லை.

இத்தனை படங்களில் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது என்று யாராவது கேட்டால், நான் சொல்வது எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா'. 1973ல் எடுத்து முடித்து, தணிக்கையில் பல மாதம் முடங்கி, 1974ல் வெளியான படம். இஸ்மத் சுக்தாயின் கதை, கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் எழுதிய திரைக்கதை. ஆக்ராவில் படப்பிடிப்பு நடந்தபோது எதிர்ப்பு கிளம்ப, பிலிம் இல்லாத கேமராவோடு இன்னொரு குழுவை வேறு இடத்துக்கு அனுப்பிக் கூட்டத்தைத் திசைதிருப்பினார்களாம்.

இதிலும் முதல் காட்சியில் ரயில் உண்டு. ஆனால் உள்ளே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆக்ராவில் செருப்புத் தொழிற்சாலை வைத்திருக்கும் சலீம் மிர்சா சொந்தக்காரர்களைப் பாகிஸ்தானுக்கு வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறார். படம் முழுக்க அவர் திரும்பத் திரும்ப யாரையாவது வண்டியேற்றிவிட்டு வருவார். படத்தில் ஒரு கொலை கிடையாது. கத்தி இல்லை, தீவைப்பும் கதையின் மையத்தில் இல்லை. வங்கிக்குப் போனால், இவர் நாளைக்குப் பாகிஸ்தான் போய்விட்டால் யாரைக் கேட்பது என்று கடன் தர யோசிக்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடினால் மதம் தெரிந்ததும் கதவு சாத்தப்படுகிறது. மகன் சிக்கந்தர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைகிறான் (ஃபரூக் ஷேக்குக்கு இது முதல் படம்). கராச்சியில் இருக்கும் அண்ணனுக்கு வீட்டு வரைபடத்தை அனுப்பியதற்காகச் சலீம் மிர்சா மேல் உளவாளிப் பட்டம்.

அந்த வீடுதான் கதை. பூர்வீக ஹவேலி, அதாவது பெரிய வீடு, அண்ணன் ஹலீம் பெயரில் இருக்கிறது. கடைசி மூச்சுவரை இந்தியாவிலேயே இருப்பேன் என்று மேடையில் முழங்கிய அந்த அண்ணன் சத்தமில்லாமல் பாகிஸ்தானுக்குப் போய்விட, வீடு வெளியேறியவர் சொத்தாகிவிடுகிறது. அப்போதைய சட்டப்படி இப்படிப்பட்ட சொத்துகளை அரசு நியமித்த காப்பாளர் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து சொத்தை இழந்து வந்த அகதிகளுக்கு ஒதுக்குவார். மிர்சா வீடு சிந்துவிலிருந்து வந்த ஒரு வியாபாரிக்குப் போகிறது. அவர் கெட்டவர் இல்லை, அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்தான். ஏ.கே. ஹங்கல் அந்தப் பாத்திரத்தை அத்தனை மரியாதையோடு செய்திருப்பார். கோபப்பட ஓர் ஆள் கிடைக்காமல் நாம் தவிக்கிறோம். வீட்டுக்குள் மணப்பெண்ணாக வந்த பாட்டி மட்டும் வெளியேற மறுத்து விறகறையில் ஒளிந்துகொள்கிறாள். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பிறகு சாகக் கிடக்கும்போது பழைய வீட்டுக்கு அவளைத் தூக்கி வருகிறார்கள், அங்கேயே உயிர் போகிறது.

இங்கே 'யார் செய்தது' என்றால் ஒரு கோப்பைக் காட்டலாம், ஒரு முத்திரையைக் காட்டலாம், நல்ல மனதோடு விதியைச் சொல்லும் ஓர் எழுத்தரைக் காட்டலாம். ரத்தம் காட்டும் படங்கள் ஒரு கோடி சனத்தைத் துரத்தியது வாள் என்று சொல்கின்றன. வாள் ஓய்ந்த பிறகும் சனம் ஏன் போய்க்கொண்டே இருந்தது என்பதற்கு 'கரம் ஹவா'தான் பதில் தருகிறது. சலீம் மிர்சாவாக நடித்த பால்ராஜ் சாஹ்னி, பீஷ்ம சாஹ்னியின் அண்ணன். டப்பிங்கை முடித்துக் கொடுத்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று இறந்துபோனார்.

வங்காளத்தில் இந்த வெளியேறியவர் சொத்துச் சட்டம் செல்லாது. 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் போட்ட ஒப்பந்தம், அங்கே இடம்பெயர்ந்தவர்களின் சொத்துரிமை அப்படியே இருக்கும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு விட்டுவிட்டு வந்த வீடும் கிடைக்கவில்லை, பதிலுக்கு வீடும் ஒதுக்கப்படவில்லை. கல்கத்தாவைச் சுற்றிக் கிடந்த காலி நிலங்களில் அவர்களே குடிசை போட்டுக் காலனி அமைத்துக்கொண்டார்கள். பஞ்சாபில் ஒரே மூச்சில் நடந்தது அங்கே பல ஆண்டுகள் சொட்டுச் சொட்டாக நடந்தது. அதனால் வங்காளப் படங்களில் பிண ரயிலைப் பார்ப்பது அரிது, அகதிக் காலனி நிச்சயம் உண்டு. டாக்காவில் பிறந்த ரித்விக் கட்டக் 1960ல் எடுத்த 'மேகே டாக்கா தாரா'வில் கலவரம் காட்டப்படுவதே இல்லை. காலனிக் குடும்பம் ஒன்று, சம்பாதிக்கும் ஒரே மகளான நீதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறது. அவரது 'சுபர்ணரேகா'வில் அகதிகளே இன்னொரு அகதிப் பெண்ணை, அவள் சாதியைக் கேட்டுவிட்டு, காலனிக்குள் சேர்க்க மறுக்கிறார்கள்.

கட்டக்குக்கு முன்பே இந்த வழியைத் திறந்தவர் நிமாய் கோஷ். 1950ல் அவர் எடுத்த 'சின்னமூல்' படத்தில் கல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் குடியிருந்த அசல் அகதிகளையே நடிக்க வைத்தார். கட்டக்கும் அதில் நடித்திருக்கிறார். அந்த நிமாய் கோஷ்தான் பிறகு சென்னைக்கு வந்து குடியேறி, 1960ல் தமிழில் 'பாதை தெரியுது பார்' எடுத்தவர். ஜெயகாந்தன் எழுதி எம்.பி. சீனிவாசன் இசையமைத்த 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' அந்தப் படப் பாட்டு. அதைக் கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு, அதன் இயக்குநர் இந்தியாவின் முதல் பிரிவினைப் படங்களில் ஒன்றை எடுத்தவர் என்பது தெரியாது.

'கரம் ஹவா'வின் வீட்டுப் பிரச்சினை 1950களோடு தீர்ந்துவிடவும் இல்லை. 1965 போருக்குப் பிறகு, 1968ல், எதிரி நாட்டுக் குடிமக்களின் சொத்தை அரசின் கையில் வைக்கும் எதிரிச் சொத்துச் சட்டம் வந்தது. உத்தரப் பிரதேசத்து மெஹ்மூதாபாத் ராஜா 1957ல் பாகிஸ்தான் குடியுரிமை வாங்கியவர். மனைவியும் மகனும் இந்தியக் குடிமக்களாகவே இருந்தார்கள். ராஜாவின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. அவர் 1973ல், பால்ராஜ் சாஹ்னி இறந்த அதே ஆண்டில், லண்டனில் காலமானார். மகன் வழக்காடி வழக்காடி 2005ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2017ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது: எதிரி என்று முத்திரை குத்தப்பட்டவரின் வாரிசு இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை கோர முடியாது, திருத்தம் 1968 முதலே செல்லும். ஜெயித்த தீர்ப்பு அத்தோடு பயனற்றுப் போனது.